காப்பிப் பைக்கு ஒரு லேபிள்: 46 மணி நேர வேலை 71 ஆனது எப்படி

சேர்வராயன் மலையில் சொந்தக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். விளைச்சலை அதுவரை பார்ச்மென்ட்டாகவே (பழத்தோலை நீக்கி, உள்தோலோடு காயவைத்த கொட்டையாகவே) வியாபாரியிடம் போட்டு வந்தவர்கள், அதில் ஒரு பங்கை வறுத்து அரைத்து, 250 கிராம் பைகளில் தங்கள் பெயரிலேயே விற்க முடிவு செய்தார்கள். முதல் ஓட்டம் 1,000 பை. பாதி தனிக் காப்பி, பாதி சிக்கரி கலந்தது. லேபிள் வேலை, சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடியறையில் நடக்கும் சின்ன டிசைன் ஸ்டூடியோவுக்கு வந்தது. அங்கே முழுநேரமாக இரண்டு பேர் வரைகிறார்கள். கணக்கும் போன் பேச்சும் பார்க்க ஒருவர் அரைநாள் வருகிறார்.

இரு தரப்பின் பெயரும் இங்கே தேவையில்லை. ரூபாயும் மணியும் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். அச்சு விலையும் வாடகையும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். இதில் நடந்த தவறுகளோ அப்படி மாறுவதில்லை. சின்ன ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வேலையில் இவற்றைச் சந்திக்கின்றன. அதனால்தான் இந்த ஒரு வேலையை அடி முதல் நுனி வரை பிரித்துப் பார்ப்பது நல்லது.

விலை வந்த வழி

ஸ்டூடியோவின் மாதச் செலவு: வாடகை 9,000, மின்சாரமும் இணையமும் 4,000, மென்பொருள் சந்தா 8,000, கணினித் தேய்மானத்துக்கு ஒதுக்குவது 5,000, முதலாளி எடுத்துக்கொள்வதையும் சேர்த்துச் சம்பளம் 70,000. மொத்தம் 96,000 ரூபாய். இரண்டு பேர், 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 416 மணி நேரம் கையில் இருக்கிறது. ஆனால் அத்தனைக்கும் பில் போட முடியாது. விலை சொல்வது, போனில் விளக்குவது, அச்சகத்துக்குப் போய் நிற்பது, பணம் வசூலிக்க நடப்பது எல்லாம் போக, வாடிக்கையாளர் கணக்கில் ஏறுவது 220 மணிதான். 96,000-ஐ 220-ஆல் வகுத்தால் மணிக்கு 436 ரூபாய். இது நஷ்டமில்லாமல் நிற்கும் விலை மட்டுமே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை வேலை படுத்துவிடும் என்பதால், அந்த மாதங்களைத் தாங்க நாலில் ஒரு பங்கு கூட்டினார்கள். 545 வந்தது, 550 என்று வைத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு எடுத்த நேரக் கணக்கு: பேச்சும் தகவல் சேகரிப்பும் 6 மணி, ரெஃபரன்ஸ் (பார்த்து வரைவதற்கான மாதிரிகள்) தேடல் 6, மூன்று முன்வரைவு 14, தேர்ந்ததைச் செப்பனிடுவது 10, இரண்டு வகைக்கும் பின்பக்க லேபிள் 6, அச்சுக்கான ஃபைலும் புரூஃபும் 4. ஆக 46 மணி. 25,300 வந்ததை 26,000 என்று சொல்லி, வேலையை எடுத்தார்கள்.

இதுவரை எல்லாம் சரி. பாதி ஊரில் “ஒரு லேபிளுக்கு இவ்வளவு” என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் விலையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். மணிக்கணக்கு வைத்திருந்ததால்தான் இந்த ஸ்டூடியோவுக்குப் பின்னால் எங்கே கசிந்தது என்று தெரிந்தது. முடிவில் வேலை 71 மணி நேரம் இழுத்தது. 26,000-ஐ 71-ஆல் வகுத்தால் மணிக்கு 366 ரூபாய். அடக்க விலையே 436 என்னும்போது, நல்ல லேபிள் ஒன்றைச் செய்து கொடுத்து 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கைக்காசு போட்டிருக்கிறார்கள்.

கூடுதலாகப் போன 25 மணியில் 14 ரெஃபரன்ஸில் போனது, 5 தமிழ் எழுத்தில், 6 பையின் வால்விலும் பார்கோடிலும்.

34 படங்கள்

பெரிய ஓட்டை முதல் நாளே விழுந்துவிட்டது. வாடிக்கையாளரின் ரசனை தெரிய வேண்டும் என்று பின்டரெஸ்ட் என்ற படத் தளத்திலிருந்து 34 காப்பிப் பைகளின் படங்களைத் திரட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மறுநாள் காலை ஒரே ஒரு படம் திரும்பி வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மங்கலான கறுப்புப் பை, அதன்மேல் தங்க ஜரிகை போல மின்னும் எழுத்து. கீழே ஒரு வரி: “இதே மாதிரி போட்டுக் குடுத்துருங்க சார், பேரு மட்டும் நம்மளது வந்தாப் போதும்.”

அவரைக் குறை சொல்ல இடமில்லை. முடிந்த பொருளின் படத்தைக் காட்டினால் பார்ப்பவர் அதை ஒரு கடைத் தட்டாகத்தான் பார்ப்பார். பிடித்ததை எடுத்துக் கொடுப்பார். படம் அனுப்பிய கணமே அது ஆர்டராக மாறிவிடுகிறது. டிசைனர் மனதில் “இந்த எழுத்தின் கனம் மட்டும்” என்றோ “இந்த வெற்றிடம் மட்டும்” என்றோ இருந்தது படத்தோடு போய்ச் சேரவில்லை.

அந்தக் கறுப்புப் பை கிராவ்யூர் முறையில் அச்சானது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஃபிலிமைக் கிலோக் கணக்கில்தான் ஓட்டித் தருவார்கள். 1,000 பைக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே கறுப்பு ஸ்டிக்கரில் தங்க நிறம் போல ஒரு மஞ்சளைப் போட்டு இரண்டு வரைவு செய்தார்கள். நான்கு நிற அச்சில் தங்கம் கிடையாது. வருவது கடுகு நிறம். இரண்டும் அசலின் ஏழை உறவுக்காரன் போல நின்றன. வாடிக்கையாளருக்கே பிடிக்கவில்லை. 14 மணி நேரம் அதோடு போயிற்று. அசலை ஒட்டி நிற்கும் தோற்றம் சந்தைக்குப் போனால் வரக்கூடிய சட்டச் சிக்கல் தனி.

களத்திலிருந்து எடுத்தது

இரண்டாவது முறை அரைநாள் ஒதுக்கி, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறித் தோட்டத்துக்கே போனார்கள். போகும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மலை, சூரியன், ஆவி பறக்கும் கப் மூன்றையும் படம் எடுப்பதில்லை. எந்தக் கடையின் காப்பி அலமாரியைப் பார்த்தாலும் இந்த மூன்றும்தான் வரிசையாக நிற்கும். நான்காவதாக ஒன்று சேர்ந்தால் யார் கண்ணும் அங்கே நிற்காது.

எடுத்து வந்தவற்றில் பயன்பட்டவை இவை. சாக்கில் தகரத் தட்டை வைத்து மை பூசிய எழுத்து: எழுத்தின் உட்பகுதி கழன்று விழாமலிருக்க நடுவில் விடும் சின்னப் பாலங்கள் அதற்கு ஒரு முகத்தைத் தந்தன. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றி ஏறும் விதம். பழத்தைப் பிளந்தால் முதுகு வெளியே காட்டி, தட்டைப் பக்கம் ஒட்டிக் கிடக்கும் இரண்டு கொட்டைகள். அப்புறம் காயவைக்கும் களம். ஈரப் பார்ச்மென்ட்டைச் சிமென்ட் தரையில் பரப்பி, மரப்பலகையால் இழுத்து, வரப்பு வரப்பாக விடுகிறார்கள். வெயிலும் காற்றும் எல்லாப் பக்கமும் பட, சில மணிக்கு ஒருமுறை திசை மாற்றி இழுப்பார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். நேராக இழுத்த கோடு களத்தின் மூலைக்கு வந்ததும் வளைந்து திரும்புகிறது. இழுத்த கையின் சிறு நடுக்கம் ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. லேபிளின் முகம் இதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று: களத்துக் கோடுகள் ஏழு, ஒரு மூலையில் திரும்புகின்றன. மலைப்பாதை வளைவு என்று பார்ப்பவர் அப்படியும் பார்க்கலாம்.

இந்த உரு அச்சுக்கும் தோதானது. கோட்டுக்கு ஒரே நிறம், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகும் பிரச்சினை குறைவு. கோட்டின் தடிமன் 0.6 மில்லிமீட்டர். திரையில் அழகாகத் தெரியும் மயிரிழைக் கோடு ஸ்டிக்கரில் அங்கங்கே அறுந்துபோகும். இருண்ட பின்னணியில் வெள்ளையாக விடும் கோடு என்றால் இன்னும் தடிமன் வேண்டும், மை இரு பக்கமும் பரவி அதை அடைக்கப் பார்க்கும்.

நிறத்தைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. மூடுபனியில் போன் கேமரா எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். ஒரு கைப்பிடி பார்ச்மென்ட், காய்ந்த பழத்தோல், பச்சைக் கொட்டை மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்து வந்தார்கள். லேபிள் அச்சாகப் போகும் அதே ஸ்டிக்கர் ஷீட்டில், அதே மேட் லேமினேஷனோடு, 5 விழுக்காடு இடைவெளியில் நிறக் கட்டங்கள் அச்சடித்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பொருளைக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். பார்ச்மென்ட்டின் வைக்கோல் நிறம் பின்னணிக்கு, பழத்தோலின் கரும்பழுப்பு கோட்டுக்கு. வாடிக்கையாளரும் அந்தக் கட்டங்களிலிருந்தே விரல் வைத்துத் தேர்ந்தார். போனில் அனுப்பிக் கேட்டிருந்தால் அவர் திரையின் நிறம் ஒன்று, இவர்கள் திரையின் நிறம் ஒன்று, அச்சில் வருவது மூன்றாவது. வேறு வழியில்லாமல் போனில் அனுப்பும்போதும் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

கைவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பொருளின் பெயர் “லை” என்ற எழுத்தில் முடிகிறது. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் இருந்த, யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய லை அந்தச் சாக்கு எழுத்தோடு அருமையாகச் சேர்ந்தது. ஆனால் அச்செடுத்துக் காட்டியபோது பெரியவர்கள் உடனே வாசித்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் தயங்கினார்கள். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பெயரில் தயக்கம் கூடாது. அழகாக இருந்தும் விட்டார்கள். சரியான முடிவு.

அட்டையும் குறிப்பும்

இந்த முறை படங்களைப் பகிர்ந்த விதமே வேறு. எடுத்த படங்களில் 12 மட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் போட்டோ பிரின்ட்டாகப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் ஒட்டி, கீழே மூன்று வரி: எங்கே, எப்போது எடுத்தது, இதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன, விடுவது என்ன. களத்துப் படத்தின் அட்டையில் இருந்தது இப்படி: “எடுப்பது: கோடு திரும்பும் வளைவு, கையின் நடுக்கம். விடுவது: களம், ஆள், பலகை எதுவும் உருவமாக வராது.”

மூன்றாவது வரிதான் வேலை செய்தது. வாடிக்கையாளர் அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, மிளகுக்கொடி அட்டையைத் தானே ஒதுக்கினார். மிளகையும் பின்னால் தனியாக விற்கும் எண்ணம் இருக்கிறது, காப்பி லேபிளில் அது வந்தால் குழப்பும் என்றார். முடிந்த டிசைனைக் காட்டியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. கொடியை வரைந்து முடித்த பிறகே தெரிந்திருக்கும்.

அட்டைகளை ஸ்டூடியோச் சுவரில் குத்தி வைக்கிறார்கள். வேலை முடிந்தும் அவை போவதில்லை, பொருள்வாரியாகப் பெட்டிக்குப் போகின்றன. சேலத்தில் இந்தப் பெட்டிக்குத் தீனி குறைவில்லை: செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் அச்சுக்கட்டையின் தேய்ந்த முனை, அம்மாபேட்டைத் தறியில் கரை திரும்பும் இடம், ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் எழுத்து, லீ பஜார் மூட்டைகளின் முத்திரை. ஊரிலேயே இவ்வளவு இருக்க, எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டும் தளத்தில் போய்த் தேடினால் எல்லோருடைய வேலையும் ஒரே போல வருவதில் வியப்பில்லை.

ஒரு கவனம்: நெசவாளியின் கரையும் பட்டறையின் கொலுசு மாதிரியும் அவர்களுடைய பிழைப்பு. கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். உருவை அப்படியே எடுத்து லேபிளில் வைக்கக் கூடாது. எடுக்க வேண்டியது முறையை: கோடு எப்படித் திரும்புகிறது, இடம் எப்படி விடப்பட்டிருக்கிறது என்பதை.

அட்டைகளைப் பார்த்த இன்னொருவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அவரிடம் கோட்டுருவைக் காட்டப் போனபோதுதான் லேபிளின் அளவு மாறியது. முதலில் 80-க்கு 120 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார்கள். 12-க்கு 18 அங்குல ஷீட்டில் ஓரம் போக அச்சாகும் பரப்பு ஏறத்தாழ 297-க்கு 450 மில்லிமீட்டர். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டு சற்று விலகினாலும் வெள்ளை தெரியாமலிருக்க விடும் உபரி) சேர்த்தால் லேபிள் 86-க்கு 126 ஆகிறது. நிமிர்த்தி அடுக்கினால் ஒரு ஷீட்டுக்கு 9, படுக்கப்போட்டால் 10. அவர் பென்சிலால் ஷீட்டின் பின்புறம் கோடு போட்டு, “90-க்கு 104 வெச்சுக்குங்க, பன்னெண்டு உக்காரும்” என்றார். பிளீட்டோடு 96-க்கு 110. மூன்று பத்தி 288, நாலு வரிசை 440. ஹாஃப் கட் மெஷின் (அடித்தாளை விட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) பார்க்கும் மூலைக் குறிகளுக்கும் ஓரம் மிஞ்சுகிறது. லேபிளின் பரப்பு 96 சதுர சென்டிமீட்டரிலிருந்து 93.6 ஆனது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 1,000 லேபிளுக்கு 100 ஷீட் வேண்டிய இடத்தில் 84 போதும். அச்சு, லேமினேஷன், ஹாஃப் கட் எல்லாம் சேர்த்து ஷீட் 38 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 608 ரூபாய் மிச்சம். வரையத் தொடங்கும் முன்பே அச்சகத்துக்குப் போயிருந்தால் இந்த அளவிலேயே தொடங்கியிருக்கலாம்.

தமிழில் போன ஐந்து மணி

பின்பக்க லேபிளைத் தமிழிலேயே அழகாக அமைத்தார்கள். பிறகுதான் விதியைப் பார்த்தார்கள். சட்டமுறை எடையளவு விதிகள் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம், அது மட்டும் போதாது. தயாரிப்பவர் அல்லது பொதியிடுபவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கான விலை, புகார் தொடர்பு எல்லாம் இரு மொழியில் உட்கார வேண்டியதாயிற்று. 260 ரூபாய்ப் பை என்றால் கிராமுக்கு 1.04 என்பதும் அச்சாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தனி. சிக்கரி கலந்த பையில் காப்பி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்று தெளிவாகப் போட வேண்டும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். உரிம எண் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அச்சுத் தேதியையும் அதற்கேற்பத்தான் சொல்ல முடியும்.

சைவக் குறியைப் பழுப்பில் போட முடியாது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். சதுரத்தின் பக்கம் வட்டத்தின் விட்டத்தைப் போல இரு மடங்கு. இந்தப் பையின் முகம் 100-க்கு மேல் 500 சதுர சென்டிமீட்டருக்குள் வருவதால் வட்டம் 4 மில்லிமீட்டர், சதுரம் 8. ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பச்சையை மறந்துவிடுகிறார்கள். டிஜிட்டல் அச்சு என்பதால் இங்கே கூடுதல் செலவில்லை.

அச்சகத்தில் அடுத்த தடங்கல். திறந்த நிலையில், அதாவது எழுத்தைத் திருத்தக்கூடியபடி, அனுப்பிய ஃபைலை அங்கே பழைய கோரல் டிரா மென்பொருளில் திறந்தார்கள். “கொட்டை”யின் ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை ஓடுகிறது. யூனிகோட் தமிழைப் பழைய மென்பொருளுக்குச் சேர்த்து எழுதத் தெரியாது. இல்லஸ்ட்ரேட்டரிலும் முதலில் இந்திய மொழி அமைப்பை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தால்தான் கொம்பு சரியான பக்கம் வரும். அச்சுக்குப் போகும் ஃபைலில் எழுத்தை எல்லாம் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும். மாற்றும் முன் திறந்த ஃபைல் ஒன்றைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை விலை மாற்றக்கூட முழு லேபிளையும் திரும்பத் தட்ட நேரும்.

எழுத்துரு முக்தா மலர். பின் லேபிளில் 7 புள்ளி அளவு, வரிக்கு 10 புள்ளி இடைவெளி. ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது: மேல் வரியின் “ழு”வும் கீழ் வரியின் “கீ”யும் இடித்துக்கொள்ளும். இடம் நிரப்ப எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் கூடாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தனியாக நிற்கும்.

புரூஃபில் பிடிபட்ட பிழை இது: “வறுத்து அறைத்தது”. ர-வுக்குப் பதில் ற விழுந்திருக்கிறது, கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் காப்பிக் கொட்டையை அரைக்கத்தான் செய்வார்கள். யாரும் அறைய மாட்டார்கள். தட்டச்சு செய்தவரே பிழை பார்த்தால் இது கண்ணில் படாது. அரைநாள் வருபவர் உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தார். அந்த இருபது நிமிடத்தில் பிடிபட்டது.

வால்வும் பார்கோடும்

வறுத்த காப்பி சில நாட்களுக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் காப்பிப் பையில் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். ஸ்டூடியோ லேபிளை அளந்து வரைந்தது வால்வு இல்லாத ஒரு மாதிரிப் பையை வைத்து. வாங்கிய கிராஃப்ட் பையோ 130-க்கு 210 மில்லிமீட்டர். மேலிருந்து 47 மில்லிமீட்டரில் வால்வின் மையம், விட்டம் 20. அதாவது வால்வு 37-இலிருந்து 57 வரை நிற்கிறது. அடிமடிப்புக்கு மேலே விட வேண்டிய இடத்தை விட்டு, 120 உயர லேபிளை ஒட்டினால் அதன் மேல்விளிம்பு 45-இல் வருகிறது. வால்வில் 12 மில்லிமீட்டர் மூடிப்போயிற்று.

சோதனைக்கு ஒட்டிய 40 பை மூன்றாம் நாள் உப்பி நின்றது. பை உப்ப, லேபிள் நடுவில் இறுகி, மூலைகளில் எழும்பியது. 104 உயரத்துக்கு மாறியதும் மேல்விளிம்பு 61-க்கு இறங்கியது. வால்வுக்குக் கீழே 4 மில்லிமீட்டர் இடம். ஷீட்டுக்காகச் செய்த மாற்றமே இதையும் தீர்த்தது. ஆனால் அது அதிர்ஷ்டம்தான். வரையும் முன் நிரப்பி மூடிய பையை மேசையில் வைத்து அளந்திருக்க வேண்டும்.

லேபிளின் மூலைகளை 3 மில்லிமீட்டர் வளைத்தார்கள். கூர்மூலை முதலில் எழும்பும். ஒட்டும் வேலையை நிரப்பும் முன், பை தட்டையாக இருக்கும்போதே, ‘ட’ வடிவ அட்டை ஒன்றை மேசையில் ஒட்டி அதில் பையைச் சேர்த்து வைத்துச் செய்ய வேண்டும். நிரப்பிய பையின் வளைந்த முகத்தில் ஒட்டினால் சுருக்கம் தப்பாது. மலையில் டிசம்பர் காலைக் குளிரில் ஒட்டக் கூடாது, பசை பிடிக்காது. காப்பித் தூள் படிந்த பையிலும் பிடிக்காது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

பார்கோடு வேறு கதை. லேபிளோடு ஒத்துப்போகட்டும் என்று பட்டைகளைக் கரும்பழுப்பில், வைக்கோல் நிறத்தின் மேல், சின்னதாக 60 விழுக்காட்டில் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கடையின் பில் மேசையில் ஸ்கேனர் வாசிக்கவில்லை. அந்த ஸ்கேனர் வீசுவது சிவப்பு ஒளி. பழுப்பில் சிவப்பு நிறையக் கலந்திருப்பதால் பட்டையும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நமக்குக் கறுப்பாகத் தெரிவது ஸ்கேனருக்கு வெளிறிய பட்டை. வெள்ளைக் கட்டத்தில் தனிக் கறுப்பு மையில் மட்டும் போட வேண்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பிலும் கூடாது, நிறம் இம்மி விலகினாலும் பட்டையின் ஓரம் மழுங்கும். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க இஏஎன் 13 பார்கோடின் முழு அளவு, ஓர வெற்றிடம் சேர்த்து, 37.29-க்கு 25.93 மில்லிமீட்டர். 80 விழுக்காட்டுக்குக் கீழே குறைக்கக் கூடாது. அந்த அளவில் 29.83-க்கு 20.74. இடப்பக்கம் 11, வலப்பக்கம் 7 அலகு (மிக மெல்லிய பட்டையின் அகலம் ஓர் அலகு) வெற்றிடத்தில் ஒரு புள்ளிகூட வரக் கூடாது. பின் லேபிளில் சமையல் குறிப்பு இரண்டு வரி குறைந்தது, பார்கோடு உட்கார்ந்தது.

பின் லேபிளில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். லேமினேஷன் மேல் தேதி முத்திரை குத்தினால் விரல் பட்டதும் இழுகிவிடும். அதனால் முன் லேபிள் மட்டும் லேமினேஷனோடு. பின் லேபிள் பூச்சு இல்லாத மேப்லித்தோ ஸ்டிக்கர் தாளில், லேமினேஷன் இல்லாமல். முத்திரை மை உடனே உறிந்து காய்ந்துவிடும்.

அதன்பின் மாறிய கொட்டேஷன்

வேலை முடிந்ததும் மணிக்கணக்குத் தாளை வைத்து ஸ்டூடியோ தன் கொட்டேஷனைத் திருத்தியது. முன்பு “கரெக்‌ஷன் எத்தனை வேண்டுமானாலும்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வந்தார்கள். இப்போது இரண்டு சுற்று. மூன்றாவதிலிருந்து மணிக்கு 550 ரூபாய் என்று எழுத்தில் இருக்கிறது. பணம் பாதி முன்பணம், டிசைன் ஒப்புதலில் 30 விழுக்காடு, அச்சு ஃபைல் கொடுக்கும் முன் மீதி. அச்சுக் கூலியை வாடிக்கையாளர் நேரே அச்சகத்துக்குக் கட்டுகிறார். அச்சு ஓடும்போது உடன் நிற்க ஸ்டூடியோ 2 மணி நேரக் கூலி வாங்குகிறது. அச்சையும் தானே எடுத்து 10, 15 விழுக்காடு வைப்பது லாபம் போலத் தெரியும். ஆனால் ஓர் ஓட்டம் கெட்டால் தாளும் மையும் தன் தலையில் விழும். இவ்வளவு சின்ன ஸ்டூடியோ அதைச் சுமக்க வேண்டியதில்லை.

உரிமை பற்றி ஒரு பத்தி சேர்ந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். ஐந்து ஆண்டு கழித்துத் தோட்டக்காரரும் ஸ்டூடியோவும் முகம் சுளிக்காமலிருக்க, இரண்டையும் எழுதிவிட வேண்டும். பெயரை வர்த்தகக் குறியாகப் பதிய நினைப்பவருக்கு, வரையும் முன்பே ஒன்றைச் சொல்ல வேண்டும்: காப்பி 30-ஆம் வகுப்பில் வரும். “ஏற்காடு” என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் அது விளைந்த இடத்தைச் சொல்லும் பெயராகிறது. பதிவு கிடைப்பது கடினம். தனிப்பெயர் ஒன்று வேண்டும்.

வேலை தொடங்கும் நாளில் நிரப்பி மூடிய பை ஒன்று, உரிம எண், விலை, எடை, சிக்கரி விகிதம், முகவரி ஆறும் ஸ்டூடியோ மேசைக்கு வந்து சேர வேண்டும். வராதவரை முன்வரைவு தொடங்காது. ரெஃபரன்ஸ் வரிசையில் இப்போது “தோட்டத்தில் அரைநாள்” என்பது 4 மணி என்று விலையோடு நிற்கிறது. அதைப் படித்த சிலர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்பவரிடம் அட்டைகளுக்கான பொருளை அவரே கொண்டுவரச் சொல்கிறார்கள்: ஒரு சாக்குத் துண்டு, ஒரு கைப்பிடி கொட்டை, வீட்டிலோ தோட்டத்திலோ கிடக்கும் பழைய பில் புத்தகம், எதுவானாலும். வாட்ஸ்அப் படம் மட்டும் ஏற்பதில்லை.

அந்தக் குடும்பம் அடுத்து மிளகுக்கு லேபிள் கேட்டிருக்கிறது. 100 கிராம் பை, வால்வு கிடையாது. ஒதுக்கி வைத்த மிளகுக்கொடி அட்டை பெட்டியிலிருந்து சுவருக்கு வந்துவிட்டது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: “எடுப்பது: கொடி மரத்தைப் பிடிக்கும் கணு. விடுவது: இலை.”